கடன் குறைப்பு நிறுவனம் கைவிட்டுவிட்டால் செய்யக்கூடாத தவறுகள்

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் என் பெரியப்பா மகன், எட்டு மாதம் வங்கிக்கு இஎம்ஐ கட்டவில்லை. "கடனைப் பாதியா குறைச்சுத் தர்றோம், அதுவரைக்கும் கட்டாதீங்கண்ணா, போன் வந்தா எடுக்காதீங்கண்ணா" என்று ஒரு கடன் குறைப்பு நிறுவனம் சொன்னதை நம்பினார். அவர்களுக்கு மட்டும் மாதாமாதம் கட்டணம் போனது. ஒருநாள் அவர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். வங்கியில் போய்க் கேட்டால், அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை என்றார்கள். வட்டியும் அபராதமும்தான் ஏறியிருந்தன.

இதற்குப் பிறகு பலரும் செய்யும் பெரிய தவறு, ஒளிந்துகொள்வது. நம் ஊரில் கடன் என்றால் மானப் பிரச்சினை. பதிவுத் தபால் வந்தால் "வீட்டில் ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறோம். வாங்க மறுத்த தபாலையும் வந்து சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். நாம் ஒளிந்திருக்கும் நாட்களும் கணக்கில் ஓடும். வீட்டையோ தறிக்கூடத்தையோ அடமானம் வைத்திருந்தால், அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்த வழிசெய்யும் சர்ஃபேசி சட்ட நோட்டீசுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதையும் மீறிச் சொத்தைக் கையகப்படுத்த வந்தால், கோயம்புத்தூரில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் முறையிடலாம். கொடுத்த செக் திரும்பியிருந்தால் அவகாசம் இன்னும் குறைவு: நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் வழக்கு வரும்.

ஜாமீன் போட்டவரிடம் மறைப்பதும் தவறுதான். பெரும்பாலும் அவர் நம் மச்சானாகவோ மாமனாராகவோ இருப்பார். அவர் வீட்டுக்கும் நோட்டீஸ் போகும். முதலில் நம் வாயிலிருந்து அவர் கேட்கட்டும்.

"அந்தக் கம்பெனி ஏமாற்றிவிட்டது" என்று வங்கியில் சொன்னால் கடன் நின்றுவிடாது. அது வேறு வழக்கு, இது வேறு கணக்கு. இனி அந்த நிறுவனம் எனக்காகப் பேசாது, நானே பேசுகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கிளையில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மாதம் எவ்வளவு நிச்சயமாக முடியும் என்பதையும் அதில் எழுதுங்கள். முடியாத தொகையை வீறாப்பாக ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதமே தவறினால், அடுத்த முறை பேச்சு எடுபடாது.

வசூல் ஏஜெண்ட் போனில் "இன்னைக்கே அம்பதாயிரம் ஜிபே பண்ணுங்க, முடிச்சுடலாம்" என்பார். அனுப்பாதீர்கள். தொகை, கடைசித் தேதி, கடன் எண் எல்லாம் உள்ள வங்கிக் கடிதம் கையில் வந்த பிறகு, கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். குறைத்து முடித்த கடன், நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலில் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும், முழுதும் கட்டியதைக் குறிக்கும் 'குளோஸ்டு' என்று ஆகாது. இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். கடன் முடிந்தபின் 30 நாளுக்குள் அடமானச் சொத்தின் அசல் பத்திரத்தை வங்கி தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

வங்கிக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்குப் போவதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வங்கியோடு எழுத்தில் பேசலாம், மீட்டர் வட்டிக்காரரோடு எதைப் பேசுவது?

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க எண் 14448.

கைவிட்ட நிறுவனத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அவர்களுக்குக் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அண்ணன் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். புகார் எழுத உட்கார்ந்தபோது எங்கள் கையில் இருந்தது மூன்று ரசீதுகள்தான்.