பூக்காத மல்லிச்செடியை இலைய வச்சே கண்டுபிடிக்கலாம்

நர்சரில மல்லி, முல்லை, பிச்சி வாங்கும்போது பூ இல்லைன்னாலும் பரவாயில்ல, காம்புல இலை எப்படி பிரியுதுன்னு பாருங்க. குண்டுமல்லிக்கு ஒரு காம்புக்கு ஒரே இலை, அகலமா பளபளன்னு இருக்கும். பிச்சிக்கு (சில ஊர்ல ஜாதிமல்லிம்பாங்க) ஒரே காம்புல வேப்பிலை மாதிரி ரெண்டு பக்கமும் குட்டி குட்டி இலையா அஞ்சு, ஏழுன்னு அடுக்கி நிக்கும். முல்லைதான் ரொம்ப அழகு, நடுவுல ஒரு பெரிய இலை, அதுக்கு கீழ ரெண்டு பக்கமும் காது மாதிரி ரெண்டு துளி இலை ஒட்டிட்டு இருக்கும், அதோட தாவரவியல் பேர்லயே 'காது'ன்னு அர்த்தம் வர்ற சொல் இருக்கு.

பூ கலர் எல்லாத்துக்கும் வெள்ளைதான், ஆனா இலை அமைப்பு இந்த மூணுக்கும் தனித்தனி, வருஷம் பூரா செடில இருக்கும், அதனாலதான் இத நம்பலாம்.

நந்தியாவட்டையான்னு சந்தேகம் வந்தா ஒரு இலைய கிள்ளுங்க, வெள்ளையா பால் வந்தா அது மல்லி குடும்பமே இல்ல. அந்த பால் கண்ணுல படாம கைய கழுவிடுங்க.

ஆனா முல்லைல சில இலைல அந்த காது இருக்காது, அதனால ஒரே இலைய பாத்து முடிவு பண்ணாதீங்க, நாலஞ்சு இலையாவது பாருங்க. காக்கட்டான்னு இன்னொரு மல்லி வகைக்கும் குண்டுமல்லி மாதிரி ஒத்தை இலைதான், ஆனா அதோட தளிர் தண்ட தடவினா மெத்துனு முடி தட்டுப்படும். குண்டுமல்லிக்குள்ளயே பூ ஒத்தை இதழா அடுக்கு இதழான்னு தெரிஞ்சுக்க இலை உதவாது, அதுக்கு பூத்த செடியாத்தான் பாத்து வாங்கணும்.