முதலாண்டு எல்பிஎம்: பண்ணையையும் ஆஸ்பத்திரியையும் நூலகத்தையும் வைத்துப் படிக்கும் முறை

கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி முதலாண்டில் அனாடமியும் பிசியாலஜியும் எல்லோரையும் மிரட்டும். அந்தப் பயத்தில் எல்பிஎம், அதாவது கால்நடை உற்பத்தி மேலாண்மை, ஓரத்துக்குப் போய்விடும். "மாடு வளர்ப்புதானே, கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சீனியர் தந்த ஜெராக்ஸ் நோட்டை மூடி வைப்பார்கள். பிறகு ப்ராக்டிகலில் ஒரு பசுவை முன்னால் நிறுத்தி, "இதன் எடை என்ன, வயது என்ன, நாளைக்கு என்ன தீவனம் போடுவாய்?" என்று கேட்கும்போது நோட்டு கைகொடுக்காது. இந்தப் பாடத்துக்கு வேண்டியதெல்லாம் வளாகத்திலேயே இருக்கிறது. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பயிற்சிப் பண்ணையும் சிகிச்சை வளாகமும் இருந்தாக வேண்டும். அவற்றுக்கு யார் எப்போது போகிறார்கள், போய் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மதிப்பெண் வேறுபடுகிறது.

முதலில் பண்ணை

கல்லூரியும் பண்ணையும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது. சென்னைக் கல்லூரியைப் போல வகுப்பு வேப்பேரியிலும் பண்ணை மாதவரத்திலும் இருந்தால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ப்ராக்டிகல் நேரத்தில் பேட்ச் முழுக்க ஒரு மாட்டைச் சுற்றி நிற்கும். பின்வரிசையில் இருப்பவருக்கு மாட்டின் வால்கூடத் தெரியாது. அதனால் வகுப்பு நேரத்துக்கு வெளியே வாரம் ஒருமுறை போக அனுமதி வாங்குங்கள். பண்ணைப் பொறுப்புப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, வகுப்பு ஆலோசகரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மூன்று நான்கு பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். கூட்டம் கூடினால் மாடு மிரளும், பணியாளருக்கும் வேலை கெடும்.

போகும் நேரம் முக்கியம். பதினொரு மணிக்குப் போனால் மாடுகள் படுத்து அசைபோடுவதைத்தான் பார்க்க முடியும். விடியற்காலைக் கறவைக்குப் போனால் மடி கழுவுவது, கறப்பது, பால் அளப்பது, கன்றுக்குப் பால் கொடுப்பது, அடர்தீவனம் வைப்பது எல்லாம் இரண்டு மணி நேரத்தில் கண்முன் நடக்கும். சினைப்பருவ அறிகுறியும் காலையில் நன்றாகத் தெரியும். காலையில் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்ற விதியை அங்கே ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

பண்ணைப் பணியாளர்களிடம் கற்கத் தயங்காதீர்கள். கட்டை விரலை மடக்கிக் கறப்பது ஏன் கூடாது என்று புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். இருபது வருடம் கறந்தவர், மடக்கிக் கறந்த காம்பில் விழுந்திருக்கும் தடிப்பைத் தொட்டுக் காட்டுவார். அண்ணன், அக்கா என்று கூப்பிட்டு, தொட்டியைக் கழுவவோ தீவனக் கூடை தூக்கவோ கை கொடுத்த பிறகு கேளுங்கள். வேலைக்கு நடுவே நோட்டை நீட்டினால் யாருக்கும் பதில் சொல்லத் தோன்றாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டெட்டனஸ் ஊசியும் வெறிநோய் முன்தடுப்பூசியும் முதல் மாதத்திலேயே போட்டிருக்க வேண்டும். கல்லூரி சுகாதார மையத்தில் விசாரியுங்கள். கம்பூட், ஏப்ரன் இல்லாமல் கொட்டகைக்குள் போகாதீர்கள். நஞ்சுக்கொடியையோ கன்று வீசிய மாட்டின் கழிவையோ வெறும் கையால் தொடாதீர்கள், கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி மனிதருக்கும் வரும். மாடு காலை முன்பக்கமும் பக்கவாட்டிலும் வீசி உதைக்கும், குதிரை பின்னால் உதைக்கும். எதையும் நேர் பின்னாலிருந்து நெருங்கக் கூடாது. குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் போங்கள்.

பண்ணையில் செய்து பார்க்க வேண்டியவை

எடை கணிப்பதிலிருந்து தொடங்குங்கள். தையல்காரர் டேப் ஒன்று போதும். முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள்பட்டை முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பு முனை வரை இன்னொரு அளவு, இரண்டும் அங்குலத்தில். நீளத்தை மார்புச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 660 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நீளம் 56, சுற்றளவு 64 என்றால் சுமார் 348 கிலோ. இதில் எங்கே தவறு நேர்கிறது என்று பாருங்கள். சுற்றளவு 66 என்று எடுத்துவிட்டால் விடை 370 ஆகிவிடும், 22 கிலோ பிசகு. நீளத்தில் அதே இரண்டு அங்குலம் பிசகினால் 12 கிலோதான் மாறும். வர்க்கம் ஆவதால் சுற்றளவுப் பிழை பெரிதாகிறது. ஆகவே மாடு நான்கு கால்களையும் சமமாக ஊன்றி, தலையை இயல்பாக வைத்திருக்கும்போது, டேப் தளராமலும் தோலை அழுத்தாமலும் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். பண்ணையில் எடைமேடை இருந்தால் அதே மாட்டை ஏற்றி ஒப்பிடுங்கள். பத்து மாட்டில் ஒப்பிட்டால் உங்கள் கையின் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழ்த்தாடையில் எட்டு. பால் பற்கள் சிறியவை, ஒடுங்கியவை, வெள்ளையானவை. நிலைப்பற்கள் அகன்றும் சற்று மஞ்சளாகவும் இருக்கும். நடு ஜோடி ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதில் முளைக்கும், இரண்டாம் ஜோடி இரண்டு முதல் இரண்டரை வயதில், மூன்றாவது மூன்று வயதையொட்டி, கடைசி ஜோடி மூன்றரை முதல் நான்கு வயதில். சந்தையில் இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், பல் சேர்ந்த மாடு என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலோர் இடறுவது தேய்ந்த பால் பல்லை நிலைப்பல் என்று எண்ணிவிடுவதில். பண்ணையில் பிறந்த மாடுகளுக்குப் பிறந்த தேதி பதிவேட்டில் இருக்கும். முதலில் பல்லைப் பார்த்து வயதை எழுதுங்கள், பிறகு காதிலுள்ள 12 இலக்க அடையாளத் தோட்டின் எண்ணையோ பண்ணை எண்ணையோ வைத்துப் பதிவேட்டைத் திறந்து சரிபாருங்கள். சொந்த விடையை உடனே திருத்திக்கொள்ளும் வசதி பண்ணையில்தான் உண்டு.

அந்தப் பதிவேடுகளை மாணவர்கள் தொடுவதே இல்லை என்பது பெரிய வருத்தம். கன்று ஈன்ற பதிவேடு, சினை ஊசிப் பதிவேடு, அன்றாடப் பால் பதிவேடு மூன்றையும் அனுமதியோடு பார்த்து, ஒரே ஒரு பசுவின் ஒரு ஈத்தை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 10 அன்று ஈன்று, ஏப்ரல் 10 அன்று போட்ட ஊசியில் சினை நின்றது என்றால் இடைவெளி 90 நாள். சினைக்காலம் சுமார் 280 நாள். ஆக இரண்டு ஈத்துக்கு இடைப்பட்ட காலம் 370 நாள். சினைப் பிடிப்பது இன்னும் இரண்டு மாதம் தள்ளினால் அந்த எண் 430 ஆகும். அப்போது கறவைநாட்களும் பால் வற்றிய காலமும் எப்படி மாறும், பண்ணைக்கு எங்கே நட்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்வில் வரும் கணக்குகள் பெரும்பாலும் இதே தேதிகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கும்.

தீவனக் கணக்கில் உலர்பொருள், அதாவது தீவனத்தில் ஈரம் போக மிஞ்சுவது, என்ற ஒரே இடத்தில் பாதி வகுப்பு சறுக்கும். 400 கிலோ கலப்பினப் பசு, நாளைக்கு 10 லிட்டர் பால் என்று வையுங்கள். எடையில் 3 சதவீதம் என்றால் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். அடர்தீவனம் உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் 4 கிலோ, மொத்தம் ஐந்தரை. அதில் உலர்பொருள் சுமார் 90 சதவீதம், ஆக 5 கிலோ. மீதி 7 கிலோவைப் பசுந்தீவனமும் வைக்கோலும் தர வேண்டும். கம்பு நேப்பியர் புல் 20 கிலோ போட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், 4 கிலோ. மிச்சம் 3 கிலோவுக்கு வைக்கோல் சுமார் 3.3 கிலோ. இருபது கிலோ புல்லை இருபது கிலோ தீவனமாகவே கூட்டுவதால்தான் விடை தப்பும். கணக்கை முடித்ததும் தீவன அறைத் தராசில் அந்த 20 கிலோ புல்லையும் 3.3 கிலோ வைக்கோலையும் நிறுத்து, கண்ணால் பாருங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "எத்தனை கட்டு போடுவாய்?" என்று கேட்டால் திணற மாட்டீர்கள்.

கொட்டகை அளவுகளுக்கும் இதே வழிதான். ஒரு பசுவுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டர், திறந்தவெளியில் 7. எருமைக்கு 4, 8. பண்ணைக் கொட்டகையை அளந்து, அதில் எத்தனை மாடு நிற்கலாம், இப்போது எத்தனை நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

இனங்கள்

படத்தைப் பார்த்து இனம் படித்தவர் நேரில் தடுமாறுவார், ஏனென்றால் படத்தில் இருப்பது நன்கு வளர்ந்த காளை. காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து ஆறு மாத வாக்கில்தான் சாம்பலாக மாறும். உம்பளச்சேரிக் கன்றும் அப்படித்தான், நெற்றியிலும் கால்களிலும் உள்ள வெள்ளையைப் பார்க்க வேண்டும். பர்கூர் என்றால் செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகள். வெள்ளாடுகளில் கன்னி ஆட்டின் முகத்தில் இரு பக்கமும் கோடு ஓடும், வெள்ளைக் கோடு பால் கன்னி, சிவப்புக் கோடு செங்கன்னி. கொடி ஆடு உயரமானது, வெள்ளையில் கறுப்பு தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்பு தெறித்திருந்தால் செம்போரை. உங்கள் பண்ணையில் எல்லா இனமும் இருக்காது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறிக்கும், சாண்டிநல்லாவில் நீலகிரி செம்மறிக்கும், பர்கூரில் பர்கூர் மாட்டுக்கும் இருக்கின்றன. விடுமுறைக்கு அந்தப் பக்கம் ஊர் உள்ள வகுப்பு நண்பர் முன் அனுமதி வாங்கிப் போய், கன்று, கிடேரி, தாய், காளை என்று நான்கு நிலையிலும் படம் எடுத்து வந்தால் வகுப்புக்கே உதவும்.

ஆஸ்பத்திரி

முதலாண்டு மாணவருக்கு அங்கே சிகிச்சையில் வேலையில்லை, ஆனால் காதுக்கு வேலை உண்டு. புறநோயாளிப் பகுதியில் மாடு கட்டியிருக்கும் இடத்தில் ஓரமாக நின்று, மாட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். என்ன தீவனம், எத்தனையாவது ஈத்து, எப்போது ஈன்றது, பால் எப்போது குறைந்தது. மேலாண்மைத் தவறு எப்படி நோயாக வந்து நிற்கிறது என்பதை அங்கே பார்க்கலாம். கல்யாண வீட்டுச் சோற்றைத் தின்று வயிறு அடைத்து வந்த மாட்டைப் பார்த்தவர், மாவுச்சத்து திடீரென அதிகமானால் முதல் இரைப்பையில் அமிலம் ஏறும் என்பதை மறக்க மாட்டார். சிகிச்சை நடக்கும்போது குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். பயிற்சி மருத்துவராக இருக்கும் சீனியர் கூட்டம் குறைந்த பிறகு நிதானமாகச் சொல்வார்.

நூலகமும் மொழியும்

தமிழ்வழியில் படித்துவிட்டு, குறிப்பாக 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வருபவர்களுக்கு முதல் மூன்று மாதம் பாடத்தைவிட ஆங்கிலமே பாரமாக இருக்கும். அறிவு குறைவு என்று எண்ணி ஒதுங்காதீர்கள். ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் மடிநோய், வயிறு உப்புசம், கழிச்சல், சினை நிற்கவில்லை என்று மாட்டுக்காரர் சொல்வதையும், வலப்பக்கம் பாடநூல் சொல்லையும் எழுதுங்கள். மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்தவருக்கு இடப்பக்கம் முழுக்க ஏற்கெனவே தெரியும். தேர்வில் பாடநூல் சொல்லை எழுதி, அதன் பொருளை ஒரு எளிய வாக்கியத்தில் விளக்கினாலே போதும். அலங்கார ஆங்கிலம் யாரும் கேட்பதில்லை.

நூலகத்தில் பாடநூலோடு நிற்காமல் இரண்டு இடங்களைப் பயன்படுத்துங்கள். கிரிஷிகோஷ் தளத்தில் வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். உள்ளூர் இனங்களின் எடை, பால், குட்டி ஈனும் விவரம் பாடநூலைவிட அவற்றில் விரிவாக இருக்கும். செரா என்பது ஆய்விதழ்களுக்கான கூட்டு ஏற்பாடு, வளாக இணையத்தில் திறக்கும். வெளியிலிருந்து பார்க்க நூலகரிடம் வழி கேளுங்கள். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் புத்தக வங்கித் திட்டம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள், தாமதித்தால் நல்ல பதிப்புகள் போய்விடும்.

பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "தீவனக் கணக்கு புரியவில்லை" என்றால் அவர் மறுபடி பாடம் நடத்த வேண்டியிருக்கும். "இதுவரை போட்டேன், 7 கிலோ வந்த இடத்தில் நிற்கிறேன்" என்று தாளைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் தீரும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வெழுத முடியாது. காய்ச்சலோ வீட்டில் துக்கமோ என்றால் அன்றே ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். மனம் தாங்காத நிலை வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ப்ராக்டிகலுக்கு முந்தைய இரண்டு வாரம்

ஸ்பாட்டர்களுக்கு, அதாவது வைத்திருக்கும் பொருளை அடையாளம் கண்டு எழுதும் பகுதிக்கு, துறை அருங்காட்சியகத்தைத் திறந்து தரும்படி ஆய்வக உதவியாளரிடம் கேளுங்கள். பர்டிசோ (காயடிக்கும் இடுக்கி), ட்ரோக்கார் கேனுலா (உப்பிய வயிற்றில் குத்திக் காற்றை வெளியேற்றும் குழாய்), காதுத் தோடு குத்தும் கருவி, பச்சை குத்தும் இடுக்கி, கொம்பு சுடும் கருவி, ஸ்ட்ரிப் கப் (மடிநோய் அறிய முதல் பாலைக் கறந்து பார்க்கும் கிண்ணம்) என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பெயர், பயன், எந்த வயதில், எந்த இடத்தில், என்ன எச்சரிக்கை என்ற வரிசையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் எச்சரிக்கையில்தான். பர்டிசோ என்று பெயரை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விந்து நாளங்களைத் தனித்தனியாக நசுக்க வேண்டும், இரண்டு பக்கத்துத் தழும்பும் ஒரே கோடாகச் சேர்ந்தால் விதைப்பைக்கு இரத்த ஓட்டம் நின்று அழுகிவிடும் என்று எழுதுபவர் சிலரே. ட்ரோக்கார் என்றால் இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளம் என்று மாட்டின் மேல் விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் விடுபட்ட பக்கங்களை இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். தேர்வு நாள் காலையில் ஆசிரியரைத் தேடி ஓடுவதில் அரை மணி நேரம் வீணாகும்.