பூச்செடி வாங்குவதற்கு முன்

நாற்றுப்பண்ணையில் பூத்துக் குலுங்கும் செடியைக் கண்டதும் வாங்கிவிடாமல், அதை வைக்கப்போகும் இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான், குளிர்காலமும் இல்லை. ஆகவே மலைப்பகுதிகளிலிருந்து வரும் ஹைட்ரேஞ்சியா போன்றவை வாங்கியபோது இருந்த பூவோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

ஐந்தாறு மணி நேர வெயில் உள்ள இடத்திற்குக் காகிதப்பூவை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். நம் மேம்பாலங்களின் ஓரங்களை நிறைத்திருப்பதும் அதுதான். அதில் நாம் இதழ் என்று எண்ணுவது நிறம் பெற்ற இலையே. நடுவில் மெல்லிய குழல்போல் இருக்கும் சிறு வெண்ணிறப் பகுதிதான் உண்மையான பூ. தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் தழைக்கும். மாறாக, இளந்தளிர்கள் லேசாகத் துவளும்வரை மண்ணைக் காயவிட்டு ஊற்றினால் மொட்டுகள் திரளும். அடைமழைக் காலத்தில் தொட்டியைக் கூரையோரமாக நகர்த்திவிடுங்கள்.

பராமரிக்க நேரமில்லாதவர்களுக்கு இட்லிப்பூ ஏற்றது. வாடிய கொத்தை இரண்டு இலைகளோடு சேர்த்து வெட்டினால் பக்கக் கிளைகள் விட்டு மீண்டும் பூக்கும். வெயில் குறைந்த தாழ்வாரத்திற்கு நந்தியாவட்டை போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம்; அதன் எல்லாப் பாகங்களும் நச்சு. எந்தச் செடியானாலும் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.