பூவைப் பார்க்கும் முன் வெயிலைப் பாருங்கள்

செடி வாங்கப் புறப்படுமுன் ஒரு நாள் முழுக்கத் தோட்டத்தில் வெயில் எங்கெங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் மூலை காகிதப்பூவுக்கும் செம்பருத்திக்கும். பாதி நிழல் என்றால் நந்தியாவட்டை. முகம் சுளிக்காமல் பூக்கும்.

மரம் என்று வந்தால்தான் பலர் ஆசைக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். குல்மோகர் என்கிற செம்மயிற்கொன்றை பூத்து நின்றால் கண்ணை எடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் அதன் வேர் மேலாகவே பரவித் தளக்கற்களைத் தூக்கிவிடும். கிளைகளும் பலத்த காற்றில் எளிதில் முறியும். சுவரோரத்துக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் பிடிவாதம். சின்னத் தோட்டத்துக்கு நான் சொல்வது பவழமல்லி. கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக்கு அடங்கும். இரவில் மலர்ந்து விடியலில் ஆரஞ்சுக் காம்போடு உதிர்ந்து தரையை மூடிவிடும் என்பதால், கார் நிறுத்தும் இடத்தருகே மட்டும் வைக்காதீர்கள்.

நாற்று வாங்கும்போது பூவில் மயங்காமல் பையின் அடியைப் பாருங்கள். வேர் உள்ளேயே வட்டமாகச் சுருண்டிருந்தால் நான் தொடக்கூட மாட்டேன். மண்ணில் வைத்த பிறகும் அந்தச் சுருள் எளிதில் பிரியாது. இலையின் அடிப்பக்கம் மாவுப்பூச்சி இல்லாத, தண்டு தடித்த செடி போதும், மொட்டே இல்லாவிட்டாலும்.

அரளி அழகுதான், வளர்ப்பும் சுலபம். ஆனால் இலை முதல் விதை வரை நஞ்சு. குழந்தைகளோ நாயோ உலவும் வீட்டில் அந்த இடத்துக்கு இட்லிப்பூ வையுங்கள். அதன் இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளித்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இது அடிக்கடி வரும்.