மானாவாரி நிலத்தில் சமமட்டம் குறித்து வரப்புப் போடும் முறை

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 4,000 லிட்டர். 40 மி.மீ. பெய்யும் ஓர் ஐப்பசி மழையில் ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் இறங்குகிறது. சரிவான செம்மண் புஞ்சையில் அதில் கணிசமான பகுதி, மேல்மண்ணையும் போட்ட எருவையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது.

இதைத் தடுக்க, கோடை உழவுக்கு முன்பே சமமட்டக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, குறித்துவிட வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவல் என்ற ஒளிபுகும் குழாயே இதற்குப் போதும். ஒரே அளவில் அங்குலக் கோடுகள் இட்ட இரண்டு குச்சிகளில் குழாயின் இரு முனைகளையும் கட்டி, நீர் நிரப்பி, உள்ளே குமிழி இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கடலைப்பருப்பளவு குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். ஒருவர் அடையாளத்துக்கு அடித்த முதல் முளையருகே நிற்க, மற்றவர் பன்னிரண்டு அடி தள்ளிப் போய், சரிவில் சற்று ஏறியும் இறங்கியும் பார்த்து, இரு குச்சிகளிலும் நீர் ஒரே கோட்டில் நிற்கும் இடத்தில் அடுத்த முளையை அடிக்க வேண்டும். முளைகளை இணைக்கும் கோடு வளைந்து வளைந்துதான் போகும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அதை நேராக்கிவிடக் கூடாது.

100 அடிக்கு 2 அடி சரிவுள்ள நிலத்தில் ஏறக்குறைய 130 அடிக்கு ஒரு வரப்பு போதும். கோட்டின் மேல்பக்கத்து மண்ணை வெட்டிப் போட்டு, அரை அடி உயர்ந்ததும் ஒருமுறை திமிசுக்கட்டையால் இடித்து, மிகுநீர் வெளியேறக் கல் அடுக்கிய கலங்கு ஒன்றையும் விட்டு, வரப்பின் மேல் கொழுக்கட்டைப்புல்லோ வெட்டிவேரோ நட்டுவிடலாம்.

கரிசலுக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது. நீர் மெதுவாக இறங்கும் அந்த மண்ணில் சமமட்ட வரப்பு நீரைத் தேக்கிப் பயிரை அழுகச் செய்யும். கோடையில் வரப்பும் வெடித்துப் பிளக்கும். அங்கே 100 அடிக்கு 3 அங்குலம் என்ற மென்சரிவில் வரப்பை அமைத்து, வடியும் நீரைப் பண்ணைக்குட்டைக்குத் திருப்புவதே சரி.

உழவுசாலும் வரப்பை ஒட்டியே போக வேண்டும். திரும்பும் வேலை குறையும் என்பதால் டிராக்டர் ஓட்டுநர் நிலத்தின் நீளவாட்டில் ஓட்டவே விரும்புவார். அந்த நீளவாட்டம் சரிவின் திசையிலேயே அமைந்திருந்தால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகிவிடும் என்பதால், முதல் உழவுசாலை அவர் போட்டு முடிக்கும்வரை கூடவே நில்லுங்கள். முதல் பெருமழை விட்டதும் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வந்து, எலிவளை வழியாகக் கசியும் இடங்களை அன்றே வெட்டித் திறந்து, ஈரமண் இட்டு மிதித்து அடைத்துவிட வேண்டும்.