அவசரப்பட்டு ப்ளே பட்டனை அமுக்காதீங்க: பழைய கேசட், மினிடிஸ்க்ல இருக்கிற குரலை மீட்கறது எப்படி

ரொம்ப நாளா திறக்காத ஒரு அட்டைப்பெட்டியை திறக்கிறீங்க, உள்ள விரல் நீளத்துக்கு குட்டி குட்டி கேசட், மூடி போட்ட சின்ன சதுர டிஸ்க், தூசி படிஞ்ச ஒரு வாய்ஸ் ரெக்கார்டர், லேபிள்ல யாரோட கையெழுத்தோ பாதி அழிஞ்சு இருக்கு. உடனே பேட்டரி போட்டு கேட்டுப் பாக்கணும்னு கை பரபரக்கும். எனக்கும் அப்படித்தான் பரபரத்துச்சு. எங்க பெரியப்பா பேசின ஒரு மைக்ரோகேசட் கிடைச்சப்ப அதே பெட்டில இருந்த ரெக்கார்டர்லயே போட்டு ப்ளே பண்ணேன், நாலு செகண்ட் அவர் குரல் கேட்டுச்சு, அப்புறம் உள்ள ரப்பர் ரோலர் உருகி பிசுபிசுன்னு ஆகியிருந்ததால டேப்பை இழுத்து சுருட்டிக்கிச்சு. மீதியை பின்னாடி எப்படியோ எடுத்துட்டேன், ஆனா முதல்ல கேட்ட அந்த நாலு செகண்ட் கசங்கினது கசங்கினதுதான், இன்னிக்கும் அந்த இடத்துல குரல் நெளிஞ்சுதான் வரும். அன்னிக்கு கம்ப்யூட்டர்ல ஒரு ஒயரை சொருகிட்டு ப்ளே பண்ணியிருந்தா அதாவது சுத்தமா கிடைச்சிருக்கும். அதனால கீழ சொல்ற எல்லாமே ஒரே விஷயத்துக்காகத்தான்: முதல் தடவை ப்ளே பண்றப்பவே ரெக்கார்டும் ஓடிட்டு இருக்கணும்.

முதல்ல கையில இருக்கிறது என்னன்னு சரியா தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், மெஷின் வேற வேறயா இருக்கும். குட்டி கேசட்லயே ரெண்டு வகை இருக்கு. 1967-ல பிலிப்ஸ் கொண்டு வந்தது மினி-கேசட், 1969-ல ஒலிம்பஸ் கொண்டு வந்தது மைக்ரோகேசட், ஒண்ணு இன்னொண்ணுல ஓடாது. மினி-கேசட்ல டேப்பை ஒரே சீரா இழுக்கிற கேப்ஸ்டன் கிடையாது, ரீல்தான் நேரா சுத்தி இழுக்கும், அதனால டேப் போகப் போக வேகம் மாறும், கேட்கும்போது ஒரு மாதிரி இருந்தா டேப் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க. சாதா கேசட் சைஸ்லயே இருந்து இரும்புத் தகடு மூடி இருந்தா, ஒரு பக்கம் சப்பையா சக்கர ஓட்டையே இல்லாம இருந்தா, அது டிசிசி, அதாவது டிஜிட்டல் காம்பாக்ட் கேசட். 1992-ல பிலிப்ஸும் மாட்சுஷிட்டாவும் சேர்ந்து இறக்குனாங்க, 1996-லயே கதை முடிஞ்சு போச்சு. டிசிசி டெக்ல சாதா கேசட் ஓடும், சாதா டெக்ல டிசிசி ஓடாது, மாத்தி முயற்சி பண்ணிடாதீங்க. கேமராவுக்குள்ள போற சின்ன கேசட்னா வீடியோ8, ஹை8, டிஜிட்டல்8 மூணும் ஒரே சைஸ்ல இருக்கும், மேல எழுதியிருக்கிறதை படிங்க. டிஜிட்டல்8 கேமரா சில மாடல்ல பழைய ரெண்டையும் ஓட்டலாம், எல்லா மாடலும் ஓட்டாது, வாங்குறதுக்கு முன்னாடி மேனுவலை பாத்துடுங்க.

அடுத்தது டேப்பை வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. சுத்தின டேப் ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, அந்த டேப்பை மட்டும் தனியா ஒரு கவர்ல போட்டு வைங்க, மெஷின்ல போடவே போடாதீங்க, மெஷின் மூலமா அடுத்தடுத்த டேப்புக்கும் பரவிடும். சாதா கேசட்ல நடுவுல செம்பு நிற ஸ்பிரிங் மேல ஒரு குட்டி பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும்ல, டேப்பை ஹெட் (டேப்ல இருக்கிற சத்தத்தை படிக்கிற பாகம்) மேல அழுத்திப் பிடிக்கிறது அதுதான், பசை காஞ்சு விழுந்திருந்தா சத்தம் மங்கலா ஏறி இறங்கி வரும். அப்போ ஸ்க்ரூ போட்ட வேற ஒரு காலி கேசட்டை கழட்டி, ரீலோட டேப்பை அதுக்குள்ள மாத்திடுங்க, பத்து நிமிஷ வேலைதான். பின்பக்க ஓரத்துல இருக்கிற சின்ன பிளாஸ்டிக் தாவலை உடைச்சு விட்டுடுங்க, கை தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் மேல பதியாது.

இப்ப மெஷின், இதுலதான் பொறுமை வேணும்.

பேட்டரி பெட்டில பச்சையாவோ வெள்ளையாவோ உப்பு பூத்திருந்தா அது பேட்டரி கசிஞ்சது. அல்கலைன் பேட்டரி கசிவு காரத்தன்மை உள்ளது, அதனால பஞ்சுல கொஞ்சூண்டு வினிகர் தொட்டு துடைச்சா கரையும், அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு தடவை துடைச்சு நல்லா காய விடுங்க. மெஷினை திறந்தா பெல்ட் இருக்கும், இல்ல பெல்ட் இருந்த இடத்துல தார் மாதிரி கருப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும், பழைய ரப்பர் அப்படித்தான் உருகிப் போகும், கையில பட்டா சீக்கிரம் போகாது, கையுறை போட்டுக்கோங்க. அதே ஆல்கஹாலை வச்சு சக்கரங்களை ஒரு துளி மிச்சமில்லாம சுத்தம் பண்ணுங்க. புது பெல்ட்டுக்கு அளவு எடுக்க, பெல்ட் போற வழியிலயே ஒரு நூலை சுத்தி நீளம் பாருங்க, அதை விட 5 சதவீதம் போல சின்னதா வாங்கணும். ரொம்ப டைட்டா போட்டா மோட்டார் திணறும், லூசா போட்டா பாட்டு ஆடும்.

ஹெட்டை ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்ஸால மெதுவா துடைங்க, பட்ஸ்ல பழுப்பு நிறம் வர்றது நிக்கிற வரைக்கும். வீடியோ மெஷின்னா மட்டும் இப்படி பண்ணவே கூடாது, சுத்துற டிரம்ல இருக்கிற ஹெட் ரொம்ப மெல்லிசு, பஞ்சு நூல் மாட்டினாலோ மேலயும் கீழயும் தேய்ச்சாலோ உடைஞ்சுடும், பஞ்சு வராத மெல்லிய தோல் துணியை அசைக்காம ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு டிரம்மை கையால சுத்தணும். அதோட கரண்ட்ல நேரா ஓடுற மெஷினோட பவர் சப்ளை பக்கம் கை வைக்காதீங்க, பிளக்கை பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும், அதை தெரிஞ்சவங்க கிட்ட கொடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் போனா போகுதுன்னு இருக்கிற ஒரு டேப்பை போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்க. சுத்தி வாங்குற பக்கம் ரீல் நிக்காம சுத்துதான்னு கண்ணால பாருங்க, டேப்பை மெஷின் தின்னுறதுக்கு முக்கால்வாசி காரணம் அந்த ரீல் நிக்கிறதுதான். அது தேறினாதான் நம்ம டேப்.

டேப்பை உள்ள போட்டு, ப்ளே பண்ணாம ஃபாஸ்ட் ஃபார்வர்ட்ல ஒரு தடவை முழுசா ஓட்டி திரும்ப சுத்தி எடுத்தா வருஷக்கணக்கா இறுகி ஒட்டியிருந்த சுத்து தளரும்னு சொல்வாங்க, சாதா கேசட்டுக்கு அது சரிதான், ஆனா டேப் கீச்சுன்னு கத்தினாலோ இழுக்க கஷ்டப்பட்டாலோ அப்படியே நிறுத்திடுங்க. லைன் அவுட் இருந்தா அதுல ஒயர் போடுங்க, இல்லன்னா ஹெட்ஃபோன் ஓட்டையில போட்டு வால்யூமை பாதியில வைங்க. கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டி போதும், இலவசம்தான், 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வச்சு, சத்தம் அதிகமா வர்ற இடத்துல மீட்டர் மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கிற மாதிரி பாத்துக்கோங்க. சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா ஹெட் பக்கத்துல ஸ்பிரிங் போட்ட ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், கேட்டுக்கிட்டே மயிரிழை அளவு திருப்புங்க, ஸ, ச மாதிரி எழுத்து எங்க பளிச்சுன்னு கேக்குதோ அங்க விடுங்க. இந்த ஒரு ஸ்க்ரூவுல உயிர் வந்த டேப் என் கிட்டயே நிறைய இருக்கு.

மைக்ரோகேசட்டுக்கு ரெண்டு வேகம் உண்டு, செகண்டுக்கு 2.4 சென்டிமீட்டர், அப்புறம் 1.2. உங்க மெஷின்ல ஒரு வேகம்தான் இருக்கு, குரல் அணில் கத்துற மாதிரி வருதுன்னா கவலையே வேண்டாம், அப்படியே ரெக்கார்ட் பண்ணிட்டு ஆடாசிட்டில வேகத்தை பாதியா குறைச்சா மனுஷக் குரல் வந்துடும்.

மினிடிஸ்க் பத்தி சொல்லாம விட மனசு வரல, என்னைக் கேட்டா இதுவரைக்கும் வந்ததுலயே அழகான பொருள் அதுதான். 1992-ல சோனி கொண்டு வந்தது. லேசர் ஒரு புள்ளியை சூடாக்கும், மேல இருக்கிற காந்தம் அதே நொடியில அந்த புள்ளியோட காந்தத் திசையை மாத்தும், சூடு இல்லாம காந்தத்தால மட்டும் அழிக்க முடியாது, அதனாலதான் டேப்பெல்லாம் மங்கினாலும் டிஸ்க் அப்படியே நிக்குது. ரெக்கார்ட் பண்ணக்கூடிய டிஸ்க்கா, கடையில பாட்டோட வந்த டிஸ்க்கான்னு மூடியை பாத்தே சொல்லலாம், மூடி ரெண்டு பக்கமும் திறந்தா ரெக்கார்ட் பண்ணக்கூடியது. இதுல இருக்கிற ஆபத்து வேற இடத்துல இருக்கு. எந்த பாட்டு எங்க இருக்குங்கிற பொருளடக்கத்தை ஸ்டாப் அமுக்கின பிறகுதான் டிஸ்க்ல எழுதும், அது எழுதிட்டு இருக்கிறப்ப பேட்டரியை கழட்டினா புதுசா பதிஞ்சது போயிடும், அதனால மொதல் வேலையா ஓரத்துல இருக்கிற குட்டி லாக்கை நகர்த்திடுங்க.

நெட்எம்டிங்கிற, யுஎஸ்பி இருக்கிற மினிடிஸ்க் பிளேயர்ல கம்ப்யூட்டர்ல இருந்து டிஸ்க்குக்கு பாட்டு ஏத்தலாம், திரும்ப எடுக்க சோனி வழி விடல. 2006-ல வந்த எம்இசட்-ஆர்எச்1 மாடல்லதான் பழைய டிஸ்க்ல பதிஞ்சதை நேரா கம்ப்யூட்டருக்கு இழுக்க முடிஞ்சுது. இப்ப ஆர்வலர்கள் எழுதின வெப் மினிடிஸ்க் ப்ரோ மூலமா சில சோனி நெட்எம்டி பிளேயர்லயும் எடுக்கலாம். அதுவும் இல்லன்னா டேப் மாதிரியே ஒயர் போட்டு முழு நேரமும் ஓட விட்டு எடுங்க, எழுபத்திநாலு நிமிஷ டிஸ்க்குக்கு எழுபத்திநாலு நிமிஷம் உக்காந்து கேட்க நமக்கு ஒரு சாக்கு. காலி டிஸ்க் கிடைச்சா பத்திரமா வைங்க, 2025 பிப்ரவரியோட சோனி உற்பத்தியை நிறுத்திடுச்சு.

எடுத்த ஃபைலை, தரம் குறையாத வேவ் இல்லன்னா ஃபிளாக் வடிவத்துல ரெண்டு இடத்துல வைங்க, லேபிள்ல இருந்த எழுத்தை ஒரு எழுத்து மாறாம ஃபைல் பேர்ல போடுங்க, லேபிளை ஃபோட்டோவும் எடுங்க. இரைச்சலை நீக்கணும்னா ஒரு நகல் எடுத்து அதுல பண்ணுங்க, மூலத்தை தொடாதீங்க. எங்க பெரியப்பா டேப்ல நான் இரைச்சலை நீக்கினப்ப பின்னாடி ஓடிட்டு இருந்த ஃபேன் சத்தமும் அவர் டம்ளரை கீழ வைக்கிற சத்தமும் சேர்ந்து போயிடுச்சு, மூலம் இருந்ததால திரும்பக் கேட்க முடிஞ்சுது.