பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஏடிஹெச்டி மதிப்பீடு: எங்கே தொடங்குவது, எதையெல்லாம் கையில் எடுத்துப் போவது

"மிஸ், இவனுக்கு ஏடிஹெச்டி இருக்குமோ? எங்க போய்ப் பார்க்கிறது?" பெற்றோர் கூட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தயங்கித் தயங்கி இப்படிக் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். ஏடிஹெச்டி என்பது வயதுக்கு மீறிய கவனக்குறைவு, துறுதுறுப்பு, அவசரம் என்று வெளிப்படும், மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. நான் மருத்துவர் இல்லை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. மருத்துவர்கள் பள்ளிக்கு அனுப்பும் படிவங்களை நிரப்பித் தருகிறவள். அக்கா மகனுக்காக ஓபி வரிசையில் நின்ற அனுபவமும் உண்டு. தமிழ்நாட்டில் இந்த வேலையை எப்படி வரிசையாகச் செய்வது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஏடிஹெச்டியை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. 'ஒரே நாளில் மூளையை மேப்பிங் செய்து சொல்லிவிடுகிறோம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் பெரும்பாலும் கைக்கொள்வது டிஎஸ்எம்-5 என்ற, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் உள்ள வரையறை. அதில் 18 அறிகுறிகள் இருக்கின்றன: கவனக்குறைவு சார்ந்தவை 9, துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்தவை 9. ஏதாவது ஒரு பகுதியில் குறைந்தது 6 இருக்க வேண்டும். 17 வயது ஆகிவிட்டால் 5 போதும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் சிக்கலே இந்தக் கடைசி விதிதான். பதினைந்து வயதில் கூட்டிக்கொண்டு போனால், எட்டு வயதில் எப்படி இருந்தான் என்று கேட்பார்கள்.

படி 1: பரண் மேல் ஏறுங்கள்

பழைய ரேங்க் கார்டு, டைரி, நோட்டு என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். மதிப்பெண்ணைவிட ஓரத்தில் ஆசிரியர் கிறுக்கிய குறிப்புகள்தான் முக்கியம். 'கேர்லெஸ்', 'டாக்கேட்டிவ்', 'இன்னும் நன்றாகச் செய்யலாம்' என்று இரண்டாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதியிருந்தால், மருத்துவருக்கு அது பெரிய தகவல். பக்கங்களைப் போட்டோ எடுத்து வகுப்பு வாரியாக அடுக்குங்கள். ரேங்க் கார்டெல்லாம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றால் ஆச்சியிடமோ, பழைய டியூஷன் டீச்சரிடமோ பேசிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்க வைத்த பிள்ளைக்குச் சிக்கல் வெளியே தெரிந்திருக்காது. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஒன்பதில் பாடச் சுமை என்று வந்ததும் எல்லாம் ஒரேயடியாகச் சரியும். பெண் பிள்ளைகளில் பலர் ஓடுவதும் இல்லை, குதிப்பதும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. 'ரொம்ப அமைதியான பிள்ளை' என்ற குறிப்பையும் தூக்கிப் போடாதீர்கள்.

சின்ன வயதில் ஒரு தொந்தரவும் இல்லை, போன வருடம்தான் திடீரென்று ஆரம்பித்தது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தூக்கமின்மை, மனச்சோர்வு, பதற்றம், பள்ளியில் கேலி, தைராய்டு, போதைப் பழக்கம் என்று வேறு காரணம் இருக்கலாம்.

படி 2: இரண்டு வாரம் எழுதுங்கள்

'கவனமே இல்லை' என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. நடந்ததை எழுதுங்கள். இப்படி:

"செவ்வாய். கணக்கு வீட்டுப்பாடம், 5 கணக்கு. 7 மணிக்கு உட்கார்ந்தாள். 9.15-க்கு 3 முடிந்தது. நடுவில் நான்கு தடவை எழுந்தாள். வழிமுறை மூன்றிலும் சரி. ஒன்றில் கழித்தல் குறியைக் கூட்டல் என்று எடுத்துவிட்டாள். ஜியாமெட்ரி பாக்ஸ் பள்ளியிலேயே இருக்கிறது."

தூங்கிய நேரம், எழுந்த நேரம், மொபைலில் இருந்த நேரம், எதைச் செய்யும்போது நன்றாக உட்கார்ந்தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "கேம் என்றால் மூணு மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். பிடித்த வேலையில், உடனுக்குடன் பலன் கிடைக்கும் விளையாட்டில், ஏடிஹெச்டி உள்ள பிள்ளையும் ஒன்றிப் போகும். அதை வைத்து 'இல்லை' என்று முடிவு கட்ட முடியாது.

படி 3: பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்

கண் டெஸ்ட்டுக்குப் போகிறோம் என்று ஏமாற்றிக் கூட்டிப்போகிற வேலை வேண்டாம். பதினாலு வயதுப் பிள்ளை வாசலில் இருக்கும் போர்டைப் படித்துவிடும், அப்புறம் உள்ளே வாயே திறக்காது. "நீ முயற்சி பண்ற, ஆனா அதுக்கேத்த பலன் வரல. ஏன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேட்போம். டாக்டர் உன்கிட்ட தனியாவும் பேசுவாங்க, எங்களப் பத்திக்கூட நீ சொல்லலாம்" என்ற அளவில் போதும். முடிந்தால் அவர்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று அவர்கள் கையாலேயே ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். பெற்றோர் கண்ணில் படாததெல்லாம் அதில் இருக்கும்.

படி 4: எங்கே போவது

ஏடிஹெச்டி என்று முடிவு சொல்ல மனநல மருத்துவரிடம் போகலாம். குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது. குழந்தை வளர்ச்சி சார்ந்த மருத்துவரும் பார்ப்பார். சோதனைகளைச் செய்வது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. 'கவுன்சிலர்' என்ற பலகையை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு வாங்கிப் போய்விடலாம். சென்னையில் கீழ்ப்பாக்கத்து அரசு மனநல மருத்துவமனை உண்டு. பேரைக் கேட்டதும் சிரிக்கிற உறவினருக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம், வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவையும் பெயர் பெற்றவை. பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் இன்னொரு வழியும் உண்டு. ஆர்பிஎஸ்கே என்ற பள்ளிப் பிள்ளைகள் நலத் திட்டம் 18 வயதுவரை பார்க்கிறது, அதன் பட்டியலில் ஏடிஹெச்டியும் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எங்கே போவதென்றே புரியவில்லை என்றால் 14416, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸுக்குப் போன் செய்து கேளுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

படி 5: படிவங்கள்

என் பார்வையில் மதிப்பீடு நன்றாக அமைவதும் சொதப்புவதும் இங்கேதான். கானர்ஸ், வாண்டர்பில்ட் போன்ற பெயர்களில் வினாப்பட்டியல் தருவார்கள். பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. சிலவற்றில் பிள்ளையே நிரப்புவதும் உண்டு. 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'அடிக்கடி' வரை டிக் அடிக்க வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக நிரப்புங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வித்தியாசமே மருத்துவருக்கு உதவும். நேற்று நடந்த சண்டையை மனதில் வைத்து எல்லாவற்றிலும் 'அடிக்கடி' போடாதீர்கள், படிவம் கேட்கிற காலம் முழுவதையும் நினைத்துப் போடுங்கள்.

ஆசிரியர் படிவத்தை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக் கொடுங்கள். உயர்நிலை வகுப்பில் ஒரு ஆசிரியர் பிள்ளையைப் பார்ப்பதே நாளுக்கு ஒரு பீரியட். வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால், ஓய்வறையில் டீ ஆறுவதற்குள் நாங்கள் டிக் அடித்து முடித்துவிடுகிற ஆபத்து உண்டு. அதனால் பிள்ளைக்குப் பிடித்த பாடத்து ஆசிரியர் ஒருவர், தடுமாறும் பாடத்து ஆசிரியர் ஒருவர் என இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள், "ஒரு வாரம் கவனிச்சுட்டு எழுதுங்க மிஸ்" என்று சொல்லுங்கள். உறையில் போட்டு ஒட்டித் தரச் சொன்னால் மனம் விட்டு எழுதுவார்கள். பள்ளிக்கே தெரிய வேண்டாம் என்று நினைக்கிற பெற்றோர் உண்டு, அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளியின் குரல் இல்லாமல் 'இரண்டு இடத்தில் தெரிய வேண்டும்' என்ற விதியைப் பூர்த்தி செய்வது கஷ்டம்.

படி 6: அந்த நாள்

கண், காது பரிசோதனையை முன்கூட்டியே முடித்து வையுங்கள். ரத்தசோகை, தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதலாம். அடிக்கடி சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிற பிள்ளை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஒருவகை வலிப்பும் அப்படித்தான் தெரியும்.

மருத்துவர் உங்களிடம் நீண்ட நேரம் பேசுவார்: பிரசவம், வளர்ச்சி, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்பது வரை. பிறகு பிள்ளையிடம் தனியாக. மாலின், பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனை வைக்கலாம், கற்றல் குறைபாட்டுச் சோதனையும் வைக்கலாம். இதற்கெல்லாம் படித்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, கண்ணாடி இருந்தால் மறக்காமல் போட்டுக்கொண்டு போனால் போதும். ஒரே அமர்வில் முடியாமல் இரண்டு மூன்று நாள் இழுப்பது சகஜம்.

மருத்துவரின் அறையில் உங்கள் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருக்கலாம். புது இடம், எதிரே ஒரே ஆள், முழுக் கவனமும் தன் மேல். அப்படித்தான் இருக்கும். "வீட்டில் இப்படி இல்லை டாக்டர்" என்று பதறாமல் இரண்டு வாரம் எழுதிய குறிப்பை எடுத்து நீட்டுங்கள்.

படி 7: அறிக்கை

எழுத்தில், கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டு வாங்குங்கள். எந்த வகை (கவனக்குறைவா, துறுதுறுப்பா, இரண்டுமா), கூடவே பதற்றமோ கற்றல் குறைபாடோ உண்டா, பள்ளி என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'ஏடிஹெச்டி இல்லை' என்று வந்தால், "அப்போ இது எதனால?" என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். மாத்திரை எழுதினால் பசி, தூக்கம், எடை, ரத்த அழுத்தம் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏடிஹெச்டிக்கு எழுதப்படும் மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் கேட்கவும் கூடாது, அடுத்த வீட்டுப் பிள்ளையுடையதை வாங்கிப் போடவும் கூடாது.

பொதுத்தேர்வுச் சலுகைக்கு ஏடிஹெச்டி அறிக்கை மட்டும் பெரும்பாலும் போதாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் அல்ல என்பதால், சோதனை நடக்கும்போதே "கற்றல் குறைபாட்டையும் பார்த்துடுங்க" என்று கேட்டுவிடுங்கள். அது உறுதியானால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்றவற்றுக்குத் தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவத் தரப்பின் சான்று கேட்பார்கள், அதற்கு அலைச்சல் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றால் ஜூன் மாதமே பள்ளி அலுவலகத்தில் போய் நில்லுங்கள். ஜனவரியில் வந்தால் எங்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.